மச்சானின் முழங்காலும் மார்பு ஸ்கேனும்

"முட்டி வலின்னு போனவனை நெஞ்சுக்கு ஸ்கேன் எடுக்கச் சொல்லி அனுப்பியிருக்காங்க டாக்டரு. இது என்னா கணக்கு?"

பாய் இதைக் கேட்டபோது அசர் தொழுகை முடிந்து ஆட்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். திண்டுக்கல் பேகம்பூர் பெரிய பள்ளிவாசல் பக்கத்துத் தெருவில் எங்கள் இருவருக்கும் வாடிக்கையான டீக்கடை ஒன்று உண்டு. ஹைதர் அலியின் தங்கை அமீருன்னிசா பேகம் அடக்கமான பள்ளிவாசல் அது. பேகம்பூருக்கு அந்தப் பேர் வந்ததே அந்த அம்மாவால்தான். நான் இந்தப் பக்கம் பொது மருத்துவம் பார்த்து ஓய்ந்தவன். பாய் நாற்பது வருஷம் தோல்ஷாப்பில் இருந்தவர். உப்புத் தோல் கட்டுகளை இறக்கும் பையனாகப் போய் மேஸ்திரியாக வெளியே வந்தார்.

முட்டி வலி அவருக்கு இல்லை, அவர் மச்சானுக்கு. வயது ஐம்பத்தெட்டு. வேடசந்தூர்ப் பக்கம் புகையிலைக் கிட்டங்கியில் வேலை. நாலு மாசமாக இரண்டு முழங்காலும் கணுக்காலும் வீங்கி வலி. இங்கே ஊசி போட்டார், எண்ணெய் தேய்த்தார், சரியாகவில்லை. மதுரைக்குப் போனார். அங்கே ஒரு டாக்டர் முட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கையைக் காட்டச் சொல்லி விரல் விரலாகப் பார்த்திருக்கிறார். அப்புறம் மார்புக்கு ஸ்கேன் எழுதிக் கொடுத்துவிட்டார்.

"ஸ்கேன் சென்டர்க்காரனுக்கு ஆள் புடிச்சு விடுறாங்களோன்னு தோணுது."

அந்தச் சந்தேகமே வரக்கூடாது என்று நான் சொல்ல மாட்டேன், என் தொழிலில் நடப்பது எனக்கும் தெரியும். ஆனால் விரலைப் பார்த்துவிட்டு நெஞ்சுக்கு எழுதுகிற டாக்டர் கமிஷனுக்கு எழுதுகிறவர் இல்லை. வைத்தியத்தைப் பழைய முறையில் கற்றவர். "இன்னொரு டீ சொல்லுங்க பாய், கொஞ்சம் நேரமாகும்" என்றேன்.

முதலில் பயத்தை இறக்கி வைக்க வேண்டியிருந்தது. மூட்டு வலி என்று வருபவர்களில் மிகப் பெரும்பாலானவர்களுக்குப் புற்றுநோய் கிடையாது. தேய்மானம், யூரிக் அமிலம், முடக்குவாதம், சர்க்கரையால் இறுகிப்போன தோள், இவைதான் அன்றாடம் பார்ப்பவை. 2006இல் சிக்குன்குனியா வந்தபோது தமிழ்நாட்டில் வீட்டுக்கு ஒருவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். இன்றைக்கும் எந்த வலி வந்தாலும் "அது அப்ப வந்த காய்ச்சலோட மிச்சம்" என்று கணக்கை முடித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆகவே முட்டி வலிக்கிற எல்லோரும் நெஞ்சை ஸ்கேன் எடுக்க ஓட வேண்டியதில்லை. நான் சொல்ல வந்தது, மூட்டு வலி போலவே வந்து மூட்டு வலியின் குணத்தோடு நடந்துகொள்ளாத ஒரு வலியைப் பற்றி.

அதைச் சொல்ல, உடம்பை இழுத்துக் கட்டியிருக்கும் சாமான் எது என்று தெரிய வேண்டும். அதை பாய்க்கு நான் சொல்லிக்கொடுப்பது, கடலூர்க்காரனுக்கு மீன் காட்டுவது மாதிரி.

"ஆட்டுத் தோலு வந்ததும் மொதல்ல என்ன பண்ணுவீங்க?"

"உப்பைக் கழுவி ஊறப்போடுவோம். அப்புறம் சுண்ணாம்புக் குழி. மயிரு லூசாயிரும், வழிச்சு எடுத்துருவோம். உள்பக்கம் ஒட்டியிருக்கிற சதை, கொழுப்பு எல்லாத்தையும் வழிச்சுப் போட்டு, சுண்ணாம்பு போகக் கழுவி..."

"எல்லாம் போனப்புறம் மிஞ்சுறது?"

"மிஞ்சுறதுதான தோலு."

மிஞ்சுகிற அதற்குத்தான் மருத்துவப் புத்தகத்தில் இணைப்புத் திசு என்று பெயர். நார் நாராகப் பின்னிய ஒரு புரதம், கொலாஜன். ஆவாரம்பட்டைச் சாறும் கடுக்காயும் செய்கிற வேலை, அந்த நார்களை ஒன்றோடொன்று பிணைத்து அழுகாமல் நிறுத்துவது. ஆட்டின் முதுகில் இருக்கிற அதே நார்தான் நம் முட்டியைக் கட்டியிருக்கும் தசைநார், தசையை எலும்போடு இழுக்கும் நாண், எலும்பின் மேலுறை, உள்ளங்கைத் தோலுக்கு அடியில் விரித்துக் கட்டிய ஜமக்காளம் போன்ற சவ்வு, எல்லாம். இந்த நார் மூன்று இழை முறுக்கிய கயிறு என்று 1954இல் கண்டு சொன்னவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். அவர்கள் எக்ஸ்ரே கதிரில் வைத்துப் பார்த்த நல்ல மாதிரி, அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து கிடைத்த கங்காரு வால் நாண்.

பாய் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு கங்காருவைப் பிடித்துக்கொண்டார். "கங்காருத் தோலு லேசா இருக்கும், ஆனா கிழியாது டாக்டரு. வெளிநாட்டுல பந்து வெளையாடுற ஷூவுக்குப் போடுவாங்க." எனக்கு இது புதுச் செய்தி.

சரி, நெஞ்சில் இருக்கும் கட்டி முட்டியை எப்படி நோகச் செய்யும்? பாய் நினைத்தது, பெரும்பாலோர் நினைப்பது, நோய் காலுக்குப் பரவிவிட்டது என்றுதான். அப்படியும் உண்டு. மார்பகம், புராஸ்டேட், நுரையீரல் கட்டிகள் எலும்பில் குடியேறும். எலும்பு மஜ்ஜையிலேயே பிறக்கும் மைலோமா முதுகைத் தின்னும். அது நேர்வழி. இன்னொரு வழியில், கட்டி இருந்த இடத்தை விட்டு நகர்ந்திருக்காது. அங்கிருந்தபடியே ரத்தத்தில் ஏதோ ஒன்றைக் கலக்கும், அல்லது உடம்பின் காவல் படையைக் குழப்பிவிடும். தூரத்தில் இருக்கும் மூட்டும் தோலும் தசையும் வீங்கும், இறுகும், நோகும். அங்கே ஊசி குத்தி எடுத்துப் பார்த்தால் ஒரு புற்றுச் செல்கூட இருக்காது. மச்சான் விஷயத்தில் மதுரை டாக்டர் சந்தேகப்பட்டது இதை.

விரலுக்கு வருகிறேன். பாயின் இரண்டு ஆள்காட்டி விரல்களையும் நகத்தோடு நகம் முதுகு ஒட்டச் சேர்க்கச் சொன்னேன். சுண்ணாம்பிலும் சாயத்திலும் கிடந்து காய்ந்த விரல்கள், நகம் மஞ்சள் ஓடியவை. ஆனாலும் நகங்களின் அடிப்பக்கம் இரண்டுக்கும் நடுவே சின்னதாக ஒரு வைரக்கல் வடிவத்தில் வெளிச்சம் தெரிந்தது. அது தெரிய வேண்டும். நகத்தின் வேர்ப் பக்கம் சதை ஊறி, நகம் கிளி மூக்காக வளைந்து, விரல் நுனி உருண்டு போனால் அந்த ஜன்னல் அடைத்துவிடும். இதை கிளப்பிங் என்போம். ஹிப்போகிராட்டஸ் 2,400 வருஷங்களுக்கு முன்பே நெஞ்சில் சீழ் கட்டியவர்களிடம் பார்த்து எழுதிய குறி. ஜன்னல் சோதனையைச் சொன்னவர் லியோ ஷாம்ராத் என்ற தென்னாப்பிரிக்க இதய டாக்டர், 1976இல். இதய வால்வில் கிருமி தாக்கிப் படுத்திருந்தபோது தன் விரல்களே மாறுவதைப் பார்த்துக் கண்டுபிடித்தார்.

கிளப்பிங் என்றால் புற்றுநோய் என்று எடுத்துக்கொண்டுவிடாதீர்கள். சில பிறவி இதயக் கோளாறுகள், நுரையீரலில் நாட்பட்ட சீழ், கல்லீரல் சுருக்கம், சில குடல் நோய்கள், எல்லாவற்றிலும் வரும். சில குடும்பங்களில் நோயே இல்லாமல் பரம்பரையாக இருக்கும். ஆனால் பீடி சுருட்டு பிடித்து இழுப்பு வாங்கும் ஒருவருக்கு, அந்த இழுப்பால் மட்டும் விரல் உருளாது. உருண்டிருந்தால் வேறு எதையோ தேட வேண்டும். இது எங்களுக்கு மாணவப் பருவத்தில் திட்டோடு சேர்த்துச் சொல்லிக்கொடுக்கப்பட்ட பாடம்.

விரலோடு எலும்பும் சேர்ந்துகொண்டால் அது தனி நோயாகிவிடுகிறது. 1889இல் வியன்னாவில் பாம்பெர்கரும், 1890இல் பாரிஸில் பியர் மாரியும் தனித்தனியாக எழுதியது. கறிக்கடையில் எலும்பு வாங்கினால் சதை போன பிறகும் மேலே மெல்லியதாக ஒரு சவ்வு வழுக்குமே, அதுதான் எலும்பின் மேலுறை. இந்த நோயில் அந்த உறை முழங்காலுக்குக் கீழும், முழங்கைக்குக் கீழும் தடித்து, புது எலும்பைப் பூசத் தொடங்கும். எக்ஸ்ரேயில் எலும்பை ஒட்டி, சுண்ணாம்பு அடித்த சுவரில் இரண்டாம் பூச்சு உரிந்து நிற்பது போல இன்னொரு கோடு தெரியும். பக்கத்து மூட்டுகளில் நீர் கோக்கும். நோயாளி "முட்டி வலி" என்பார். அழுத்திப் பார்த்தால் முட்டியைவிட முன்னங்கால் எலும்புதான் அதிகம் நோகும். அந்த வலிக்கு ஒரு குணம் உண்டு. காலைத் தொங்கப் போட்டால் ஏறும், உயரத்தில் தூக்கி வைத்தால் இறங்கும்.

பாய் டீ கிளாஸைக் கீழே வைத்தார். ஏதோ சொல்ல வந்தவர் போல இருந்தது, சொல்லவில்லை.

ஏன் இப்படி என்று கேட்டால், இன்று பெரும்பாலோர் ஏற்கிற விளக்கம் அழகானது. ரத்தத் தட்டணுக்களைச் செய்து கொடுக்கும் மெகாகேரியோசைட் என்ற பெரிய செல்கள் மஜ்ஜையிலிருந்து கிளம்பி, நுரையீரலின் நுண்ணிய குழாய்களில் சிக்கிச் சிதறித் தட்டணுக்களாகும். நுரையீரலில் கட்டியோ சீழோ வந்து ரத்தம் குறுக்கு வழியில் போனால், அவை சிதறாமல் முழுசாகவே விரல் நுனி வரை போய் அடைத்துக்கொள்ளும். அங்கே திசுவை வளர்க்கும் ரசாயனங்களை அவிழ்த்துவிடும். கட்டியும் தன் பங்குக்கு அதே ரசாயனங்களைச் சுரக்கும். இதை நம்பவைக்கும் விஷயம் ஒன்று இருக்கிறது. நெஞ்சில் உள்ள கட்டியை அறுத்தெடுத்தால், காலை யாரும் தொடாமலே, சில நாட்களில் கால் வலி போய்விடும். நெஞ்சில் போட்ட தையல் ஆறுவதற்கு முன்பே முட்டி வீக்கம் வடிந்தவர்கள் உண்டு.

"சுருட்டுதான் காரணமா?" என்றார் பாய்.

திண்டுக்கல்லில் இருந்துகொண்டு இதற்கு மழுப்பலாகப் பதில் சொல்ல முடியாது. பூட்டுக்கு முன்பே இந்த ஊரை வெளியே தெரியவைத்தது சுருட்டு. ஸ்பென்சர் கம்பெனி இங்கே சுருட்டு ஆலை வைத்திருந்தது. சர்ச்சில் வாயில் இருந்தது நம்ம ஊர்ச் சுருட்டு என்று சொல்லிப் பெருமைப்படாத பெரியவர் இங்கே குறைவு. வேடசந்தூரில் மத்திய அரசின் புகையிலை ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. மச்சான் கிட்டங்கியில் வேலை பார்த்ததோடு நிற்கவில்லை, இருபது வயதிலிருந்து பிடிக்கிறார். ஆகவே ஆம், புகைதான் முதல் சந்தேகம். இதில் ஒரு குழி இருக்கிறது. நெஞ்சு எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்தால் நம் ஊரில் முதலில் வாயில் வருவது டி.பி. சளியில் கிருமி பார்க்காமலே ஆறு மாச மாத்திரை ஆரம்பித்து, அது முடிந்தும் நிழல் குறையாமல், அப்புறம் புற்று என்று தெரிந்து வருபவர்களை நான் பார்த்திருக்கிறேன். டி.பி.யும் மூட்டை வீங்கவைக்கும் என்பது குழப்பத்தைக் கூட்டும். போன்சே என்ற பிரெஞ்சு அறுவை டாக்டர் பெயரில் அதற்குத் தனி நோயே இருக்கிறது. சளிப் பரிசோதனை ஒன்றும் காட்டாவிட்டால் கட்டியிலிருந்து சதை எடுத்துப் பார்க்கும் வரை மனசு ஆறக்கூடாது.

பாய்க்குத் தொழில்முறை ஆர்வம் வந்துவிட்டது. "தோலுக்கும் இப்படி ஆகுமா?"

ஆகும். என் கணக்கில் இதைவிட முக்கியமானது அதுதான், ஏனென்றால் பெண்களிடம் தவறிப்போவது அது. டெர்மடோமயோசைட்டிஸ் என்று நீளமான பெயர். மூட்டு வலியோடு தொடங்கலாம், ஆனால் உண்மையான நோவு தசையில், தோலில். வரும் அம்மா வலியை முதலில் சொல்ல மாட்டார். தரையில் உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழ முடியவில்லை, பரண் மேல் இருக்கும் டப்பாவுக்குக் கை எட்டுகிறது ஆனால் தூக்க வலுவில்லை, தலை சீவுவதற்குள் கை ஓய்ந்துபோகிறது என்பார். வீட்டில் "வயசாச்சுல்ல" என்பார்கள். கண் இமையின் மேல் ஊதா நிறம் படரும் என்று புத்தகத்தில் இருக்கும். அது வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதியது. நம் நிறத்தில் ஊதா தெரியாது. இமை கறுத்து லேசாக ஊதியிருக்கும், தூக்கமில்லாதவர் மாதிரி. விரல் கணுக்களின் மேல், சரியாக எலும்பு முட்டும் இடத்தில், தடித்த திட்டுகள் இருக்கும். கணுக்களுக்கு இடையில் இருக்காது. வெளுத்த படம் மட்டுமே பார்த்துப் படித்த டாக்டர்கள் இதை அலர்ஜி என்று எழுதிக் களிம்பு கொடுத்துவிடுவார்கள். நானும் ஒரு காலத்தில் கொடுத்திருக்கிறேன்.

இந்த நோய் வந்த பெரியவர்களில் நூற்றுக்குப் பதினைந்து முதல் முப்பது பேருக்கு உள்ளே எங்கோ புற்று இருக்கும். தொடர்பை 1916இலேயே ஜெர்மானிய டாக்டர்கள் எழுதிவிட்டார்கள். சூலகம், மார்பகம், நுரையீரல், இரைப்பை, குடல் என்று எங்கும் இருக்கலாம். தசை நோய் தெரிந்த வருஷத்திலும், அதற்கு முந்திய பிந்திய வருஷங்களிலும்தான் ஆபத்து அதிகம், மூன்று வருஷத்துக்குப் பிறகு நன்றாகக் குறையும். ஆகவே ஒரு முறை தேடி ஒன்றும் இல்லை என்று விட்டுவிடக் கூடாது, கொஞ்ச காலம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ரத்தத்தில் டிஃப்-1 காமா என்ற புரதத்துக்கு எதிர்ப்பொருள் இருந்தால் தேடலை இன்னும் தீவிரமாக்குவார்கள். சிறு பிள்ளைகளுக்கும் இந்தத் தசை நோய் வரும், ஆனால் அவர்களிடம் புற்றுத் தொடர்பு கிடையாது.

"கட்டி இருக்கது வயித்துல. கை ஏன் ஓயுது?"

காவல் படை குழம்புகிறது என்றேனே, அது இங்கே. கட்டிக்குள் ஒரு புரதம் கெட்டுப்போய் உருமாறுகிறது. உடம்பு அதை அந்நியன் என்று கண்டு எதிர்ப்பொருள் செய்கிறது. அந்தப் புரதத்தின் நல்ல வடிவம் தசையிலும் தோலிலும் இருப்பதால் அடி அங்கேயும் விழுகிறது. இது வெறும் ஊகமாகத்தான் ரொம்ப நாள் இருந்தது. 2014இல் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் தோல் இறுகும் ஸ்க்ளிரோடெர்மா நோயை எடுத்துக்கொண்டார்கள். புற்றும் வந்து, குறிப்பிட்ட ஒரு எதிர்ப்பொருளும் ரத்தத்தில் இருந்த எட்டுப் பேரின் கட்டிகளைப் பிரித்துப் படித்தார்கள். ஆறு பேரின் கட்டியில், அந்த எதிர்ப்பொருள் எதைத் தாக்குகிறதோ அதே புரதத்தின் மரபணுவே பழுதாகியிருந்தது. எதிர்ப்பொருள் இல்லாத வேறு எட்டு நோயாளிகளிடம் அந்தப் பழுது இல்லை. அப்படியானால் அவர்கள் தோல் இறுகியது, உடம்பு புற்றோடு போட்ட சண்டையில் விழுந்த காயம். இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

இந்தக் கணக்கின் மறுபக்கத்தையும் இப்போது ஆஸ்பத்திரிகளில் பார்க்கலாம். காவல் படையின் கடிவாளத்தை அவிழ்த்துவிட்டுப் புற்றைத் தாக்கவைக்கும் புது மருந்துகள் வந்திருக்கின்றன. அந்த வழியைக் கண்டதற்காக 2018இல் ஆலிசனுக்கும் ஹோன்ஜோவுக்கும் நோபல் கொடுத்தார்கள். அந்த மருந்து ஏறும் சிலருக்கு முடக்குவாதம் போலவே மூட்டு வீங்குகிறது. மார்பகப் புற்றுக்குப் பின் லெட்ரசோல் வகை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கும் மூட்டு நோகும், அது வேறு காரணத்தால். வலி தாங்காமல் அவர்கள் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாமல் டாக்டரிடம் சொன்னால் மாற்று வழி உண்டு.

உள்ளங்கை விஷயத்தைச் சொன்னபோதுதான் பாய் நிமிர்ந்து உட்கார்ந்தார். உள்ளங்கைத் தோலுக்கு அடியில் உள்ள சவ்வு தடித்து, கை மரக்கட்டை போலாகி, விரல்கள் உள்ளே மடங்கி நின்றுவிடும் ஒரு நிலை இருக்கிறது. 1982இல் மெட்ஸ்கரும் கூட்டாளிகளும் ஆறு பெண்களைப் பற்றி எழுதினார்கள். ஆறு பேருக்கும் கை இப்படி, ஆறு பேருக்கும் சூலகத்தில் புற்று. அபூர்வம்தான். ஆனால் மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கு இரண்டு உள்ளங்கையும் சில வாரங்களில் மளமளவென்று இறுகினால், கையை மட்டும் பார்ப்பவன் வைத்தியன் இல்லை, அடிவயிற்றை ஸ்கேன் எடுக்க வேண்டும். "பதப்படுத்துன தோலு மாதிரி" என்றேன். "பதம் தப்புன தோலு மாதிரின்னு சொல்லுங்க" என்று திருத்தினார் பாய். நல்லாப் பதப்படுத்தின தோல் வளையுமாம்.

வயதானவர்களுக்கு ராத்திரியோடு ராத்திரியாக இரண்டு கைகளும் புறங்கைப் பக்கம் பொதபொதவென்று ஊதி, குத்துச்சண்டைக் கையுறை போட்டது போலாகும் நிலை ஒன்றும் உண்டு. கொஞ்சம் ஸ்டீராய்டு கொடுத்தால் அப்படியே வடிந்துவிடும். வடியாமல் அடம்பிடித்தால், காய்ச்சலும் மெலிவும் சேர்ந்தால், உள்ளே தேடுவோம்.

ஸ்டீராய்டு என்றதும் எனக்கு வயிறு எரிகிற விஷயம் வந்துவிட்டது. ராத்திரியில் எலும்பு நோகுது என்று அழுகிற பிள்ளை. பகலில் நொண்டும், முட்டி ஒன்று லேசாக வீங்கியிருக்கும். வீக்கத்தைவிட அழுகை அதிகமாக இருக்கும். வளர்ச்சி வலி என்பார்கள், வாதக் காய்ச்சல் என்பார்கள். அவர்களில் ஒரு சிலருக்கு அது ரத்தப் புற்றின் முதல் குரல். ஆரம்பத்தில் ரத்த எண்ணிக்கை சரியாகவே இருந்து ஏமாற்றவும் செய்யும். மெடிக்கலில் போய் "வலிக்கு ஒரு செட்டு குடுங்க" என்றால் பேர் இல்லாத நாலைந்து மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார்கள். அதில் ஒன்று பெரும்பாலும் ஸ்டீராய்டாக இருக்கும். பிள்ளை மறுநாளே எழுந்து ஓடும். தாய்க்கு அந்தக் கடைக்காரர் கடவுளாகிவிடுவார். ஆனால் ரத்தப் புற்றுக்கான வைத்தியத்திலேயே ஸ்டீராய்டு ஒரு மருந்து. அரைகுறையாக உள்ளே போனால் புற்றுச் செல்கள் தற்காலிகமாகப் பதுங்கும், மஜ்ஜை சோதனை தெளிவாகக் காட்டாது, நோய் தெரிய இன்னும் நாளாகும். எனக்குத் தெரிந்து இப்படி நாள் போனவர்கள் இருக்கிறார்கள். பிள்ளையின் ராத்திரி வலிக்கு, காரணம் தெரியாமல், செட்டு மாத்திரை கொடுக்காதீர்கள். இதை மட்டும் கடை மேஜையைத் தட்டிச் சொன்னேன். மாஸ்டர் திரும்பிப் பார்த்தார்.

எது சந்தேகத்துக்குரிய வலி என்று பாய் நேராகவே கேட்டார். நேரான பதில் கிடையாது. ஐம்பதுக்கு மேல், குடும்பத்தில் யாருக்கும் வாதம் இல்லாமல், தேதி சொல்லும் அளவுக்குத் திடீரென்று வந்தது. முடக்குவாதம் விரும்பும் கைச் சிறு மூட்டுகளை விட்டுவிட்டு காலில், அதுவும் ஒருபக்கம் கூடுதலாக வந்தது. வழக்கமான மாத்திரைக்கு மசியாதது. கூடவே எடை இறங்குவது, சட்டை தொளதொளப்பது, ராத்திரி வேர்ப்பது, சளியில் ரத்தம், காரணமில்லாத ரத்தசோகை. இதில் ஒன்று இருந்தால் புற்று என்று அர்த்தமில்லை. இரண்டு மூன்று ஒரே ஆளிடம் கூடினால் ஒரு நெஞ்சு எக்ஸ்ரே, ரத்த அணுக்கள், வயிற்று ஸ்கேன், பெண்ணாக இருந்தால் மார்பகமும் கர்ப்பப்பையும், இவ்வளவையாவது பார்க்காமல் இருக்கக் கூடாது. 2022இல் திண்டுக்கல்லிலேயே அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. முதல் சோதனைகளுக்கு மதுரை வரை போகவேண்டிய காலம் முடிந்தது.

எல்லாப் புற்றும் இப்படி மூட்டுக்குத் தகவல் அனுப்பாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கர்ப்பப்பை வாய்ப் புற்று பெரும்பாலும் அனுப்பாது. அதற்கு நாம்தான் போய்க் கதவைத் தட்டிப் பார்க்க வேண்டும். தட்டிப் பார்த்தால் என்ன ஆகும் என்பதை உலகத்துக்குக் காட்டியது இதே திண்டுக்கல் மாவட்டம். 2000இல் தொடங்கி, அம்பிளிக்கை மருத்துவமனையும் அடையாறு புற்றுநோய் நிலையமும் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து, 30 முதல் 59 வயது வரையுள்ள 31,000க்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்களைச் சோதித்தார்கள். கருவி ஒன்றும் பெரிதில்லை, நீர்த்த வினிகர், ஒரு விளக்கு, பயிற்சி பெற்ற நர்ஸ். சோதனைக்கு அழைத்த ஊர்களில் அந்தப் புற்றால் நேர்ந்த சாவு 35 சதவீதம் குறைந்தது. 2007இல் லான்செட் இதழில் வந்தது. நம் ஊருக்குப் பூட்டையும் பிரியாணியையும் சொல்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை என்பதில் எனக்கு ஒரு வருத்தம்.

வெளிச்சம் மங்கிவிட்டது. மக்ரிப் தொழுகைக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் என்று பாய் எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார்.

"டாக்டரு, காலைத் தொங்கப் போட்டா வலி ஏறும்னீங்கள்ல."

"ஆமா."

"மச்சான் நாலு மாசமா கட்டில் கால்மாட்டுல ரெண்டு தலகாணியப் போட்டு, அதுமேல காலத் தூக்கி வச்சுத்தான் தூங்குறான். பஸ்ல உக்காந்து வந்தா அழுதுருவான். சீட்டுல சம்மணம் போட்டு உக்காருவான். நாங்கல்லாம் கேலி பண்ணுவோம்."

"ஸ்கேன் என்னைக்கு?"

"நான்தான் வேணாம்னுட்டேன். காசு புடுங்குறாங்கன்னு."

"இன்னிக்கு என்ன கிழமை?"

"சனி."

"திங்கக்கிழமை நானும் கூட வர்றேன்" என்றேன். பாய் போனை எடுத்து மச்சான் நம்பரைத் தேடிக்கொண்டே தெருவில் இறங்கினார். டீக்குக் காசு கொடுக்க மறந்துவிட்டார், நானும் கேட்கவில்லை.